ஏரிக்கு சும்மா போன கதை

கத்திரி வெயில்ல எவனாவது போய் ஏரிக்கரையில உக்காருவானா? நாங்க உக்காந்தோம். போன மே மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை. நாலு பேர், ரெண்டு பைக், ஒரு தூக்கு நிறைய புளிசாதம், வழியில சி.டி.எச். ரோட்டோரம் வாங்கின நுங்கு ஒரு பை, கடையில வாங்கின ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில் மூணு. அவ்வளவுதான் ஏற்பாடு. வாரம் பூரா ஏசி ரூமுக்குள்ள ஆணி புடுங்கினதுக்கு ஒரு நாளாவது மரத்தடியில கால நீட்டிப் படுக்கணும்னு ஆசை. கொடைக்கானல், ஏலகிரின்னு ஆறு மாசமா வாட்ஸப்ல பிளான் போட்டு, கடைசியில வீட்டுல இருந்து ஏழு கிலோமீட்டர்ல இருக்குற புழல் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தோம். நம்ம பிளான் எல்லாம் எப்பவும் இப்படித்தான் முடியும் :-)

புழல்னா உடனே செங்குன்றம் பக்கம், ஜி.என்.டி. ரோட்டை ஒட்டின பெரிய கரைன்னு நினைச்சுக்காதீங்க. அது ஏரியோட முன்வாசல். நாங்க அம்பத்தூர்க்காரங்க, எங்களுக்குக் கிடைச்சது கொல்லைப்புறம். திருமுல்லைவாயில் தாண்டி உள்ள போனா கரையே இல்லாம தரை மெதுவா சரிஞ்சு தண்ணிக்குள்ள போகும். கோடையில தண்ணி பின்வாங்குற அளவுக்குப் புல்வெளி நீளும். ஒரு வேலமரத்தடி, பக்கத்துல நாலஞ்சு பனை, தூரத்துல நீர்க்காகம் இறக்கையை விரிச்சுக் காய வெச்சுக்கிட்டு நிக்குது. எங்களுக்கு அது போதும்.

குளிக்கலாமான்னு ஒருத்தன் சட்டையைக் கழட்டினான். மெக்கானிக்கல் படிச்சவன், எதையும் இறங்கிப் பார்க்காம விடமாட்டான். "டேய், அது ஊரே குடிக்கிற தண்ணிடா, இறங்கக் கூடாது"ன்னு மத்த மூணு பேரும் சேர்ந்து உக்கார வெச்சோம். அப்பத்தான் ஒரு பெரியவர் ஆறேழு மாட்டை ஓட்டிக்கிட்டு வந்தார்.

"இன்னா தம்பி, எங்க வந்தீங்க?"

"சும்மாதான் தாத்தா."

"சும்மாவா? இந்த வெயில்லயா?"

கொஞ்ச நேரம் எங்களையும் புளிசாதத் தூக்கையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் அறுவது வருசமா இந்த ஏரிக்கு வரேன். ஒரு நாளும் சும்மா வந்தது கிடையாது"ன்னு சொல்லிட்டு மாட்டுப் பின்னாடி போயிட்டார்.

கிண்டல் பண்றாரோன்னு முதல்ல தோணிச்சு. யோசிச்சுப் பார்த்தா, அவர் சொன்னது கிண்டல் இல்ல, அப்படியே சரித்திரம். இந்தப் பக்கத்து ஏரி எதுவுமே சும்மா இருந்ததில்ல, அதுக்கு யாரும் சும்மா போனதும் இல்ல. புல்லு, மீன், வண்டல் மண், துணி துவைக்கிறது, மாடு குளிப்பாட்டறதுன்னு ஒவ்வொருத்தருக்கும் அங்க ஒரு வேலை இருந்துச்சு. வேடிக்கை பார்க்க மட்டும் வந்த முதல் தலைமுறை அநேகமா நாமதான். வீட்டுக்கு வந்து ரெண்டு வாரம் இதையே தோண்டிக்கிட்டு இருந்தேன். அதோட விளைவுதான் இது, பொறுத்துக்கோங்க.

தொண்டை மண்டலத்துல பெரிய ஆறு கிடையாது. பாலாறும் கொற்றலையாறும் வருஷத்துல பாதிக்கு மேல மணல்தான். வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில கொட்டிட்டுப் போயிடும். அந்த ரெண்டு மாசத் தண்ணியை வருஷம் முழுக்க வெச்சு நெல்லு விளைவிக்கணும். அதுக்கு இந்த ஊர்க்காரங்க கண்டுபிடிச்ச வழிதான் ஏரி. மேற்கே மேடு, கிழக்கே கடல். ஓடி வர்ற தண்ணியைக் குறுக்க ஒரு நீளமான மண்கரை போட்டு நிறுத்துறது. கரைக்குக் கீழ மதகு, மதகுக்குக் கீழ ஆயக்கட்டு நிலம். தண்ணி மிஞ்சினா கரை உடையாம இருக்க ஒரு கலிங்கல். கலிங்கல்ல வழியுறது அடுத்த ஏரிக்குப் போகும். இப்படி ஒண்ணு நிரம்பி அடுத்ததுக்குப் போற சங்கிலி. இன்னைக்கு நாம எழுதுற சிஸ்டம்ல ஒரு சர்வர் நிரம்பினா அடுத்ததுக்குத் தள்ளுறோமே, அதே லாஜிக். என்ன, அவங்க மண்ணுல எழுதினாங்க.

இதைப் பார்த்துக்கத் தனியா ஆளே இருந்தாங்க. காஞ்சிபுரம் பக்கத்துல உத்திரமேரூர்ல முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கே, குடவோலைத் தேர்தலைப் பத்திப் பாடத்துல படிச்சோமே, 919, 921ஆம் வருஷத்தது. அதுல தேர்ந்தெடுக்கிற குழுக்கள்ல ஒண்ணு ஏரி வாரியம். ஓட்டுப் போட்டு ஏரியைப் பார்த்துக்க ஆள் எடுத்திருக்காங்க. பரீட்சைக்கு 'குடவோலை'யை மனப்பாடம் பண்ணின நமக்கு, அந்த ஓலை எதுக்குப் போட்டாங்கன்னு மட்டும் மறந்து போச்சு.

புழலுக்குன்னு தனிக்கதை உண்டு. தொண்டை மண்டலத்தை 24 கோட்டமாப் பிரிச்சிருந்தாங்கன்னு சொல்வாங்க இல்லையா, அதுல புழல் கோட்டம் ஒண்ணு. குறும்பர்கள் இங்க கோட்டை கட்டி ஆண்டாங்க, தொண்டைமான் அவங்களை ஜெயிச்சான்னு திருமுல்லைவாயில் கோயில் தலபுராணம் சொல்லுது. சண்டைக்கு வந்தவனோட யானை முல்லைக்கொடியில சிக்கிச்சு, கொடியை வாளால வெட்டினா ரத்தம் வந்துச்சு, பார்த்தா உள்ளே லிங்கம். சிவன் உதவிக்கு நந்தியை அனுப்பினார், குறும்பர் தோத்தாங்க. அதனாலதான் அந்தக் கோயில்ல நந்தி சாமியைப் பார்க்காம, சண்டைக்குக் கிளம்பின மாதிரி கிழக்கே பார்த்து இருக்கு. குறும்பர் கோட்டையில இருந்து எடுத்து வந்ததுன்னு ரெண்டு எருக்கந்தூணும் சன்னதி முன்னாடி நிக்குது. கதை எவ்வளவு நிஜம்னு எனக்குத் தெரியாது. ஆனா ஜெயிச்சவன் பேர்ல கோயில் இருக்கு, தோத்தவங்களுக்கு அந்த ரெண்டு தூண் மட்டும்தான். சின்ன வயசுல அந்தத் தூணைச் சுத்தி ஓடி விளையாடி அர்ச்சகர்கிட்ட திட்டு வாங்கினவன் நான். சரி, கொசுவத்தியை அணைச்சுட்டு மேட்டருக்கு வருவோம்.

வயலுக்குன்னு இருந்த இந்தத் தண்ணியை மெட்ராஸ் எப்ப எடுத்துக்கிச்சு?

கோட்டையில இருந்த வெள்ளைக்காரனுக்குத் தண்ணி ஆரம்பத்துல இருந்தே பிரச்சினை. 1772ல ஏழு கிணறு தோண்டி சமாளிச்சாங்க. ஊர் பெருக்கப் பெருக்க அது பத்தல. 1866ல ஃப்ரேசர்னு ஒரு இன்ஜினியர் திட்டம் போட்டார். தாமரைப்பாக்கத்துல கொற்றலையாத்துக்குக் குறுக்க ஒரு அணைக்கட்டு. அங்க இருந்து தண்ணியைச் சோழவரம் ஏரிக்குத் திருப்புறது, சோழவரத்துல இருந்து புழலுக்கு. புழல்ல இருந்து ஒரு மண் கால்வாய் வெட்டி, வெறும் சரிவை நம்பியே கீழ்ப்பாக்கம் வரைக்கும் ஓட விடறது. 1872ல தண்ணி வந்துடுச்சு. மோட்டார் இல்ல, வடிகட்டுறது இல்ல. ஏரியில என்ன இருந்துச்சோ அதேதான் குழாயில.

ஏற்கெனவே இருந்த ஏரிகளைத்தான் ஃப்ரேசர் கோத்தார். சோழவரமும் புழலும் ஊர்க்காரங்க கரை கட்டிக் காப்பாத்தினது. அவர் புதுசா செஞ்சது, ஆத்துல இருந்து ஒரு வழி, நகரத்துக்கு ஒரு வழி. புத்திசாலித்தனமான டிசைன், ஒத்துக்கறேன். ஆனா அன்னைக்கு இருந்து இந்த ஏரியோட மொதலாளி மாறிட்டார். அதுவரைக்கும் மதகைத் திறக்கணுமான்னு கீழ வயல்ல நெல்லு இருக்குறவன் கேட்பான். அதுக்கப்புறம் அந்தக் கேள்வி கீழ்ப்பாக்கத்துல இருந்து வர ஆரம்பிச்சுது.

திறந்த கால்வாய்ல வந்த தண்ணி எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. வழியில எல்லா மாடும் குளிச்சிருக்கும். அதைச் சரி பண்ண மேட்லின்னு இன்னொரு இன்ஜினியர் வந்தார். தி.நகர் மேட்லி ரோடு இவர் பேர்தான். புழல்ல இருந்து மூடின செங்கல் வழி, கீழ்ப்பாக்கத்துல மணல் வடிகட்டி, நீராவி எஞ்சின், மேல்நிலைத் தொட்டின்னு 1914ல முழு நீரேற்று நிலையமே வந்துச்சு. மேட்லி போட்ட கணக்குதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1961ல ஊர்ல 6.6 லட்சம் பேர் இருப்பாங்க, ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 கேலன்னு வெச்சுக் கட்டினார். 1961 சென்சஸ்ல மெட்ராஸ் மக்கள்தொகை 17 லட்சத்தைத் தாண்டிச்சு. எஸ்டிமேட் சொதப்புறது நம்ம ப்ராஜெக்ட் மேனேஜர் கண்டுபிடிச்ச வியாதி இல்லன்னு தெரிஞ்சதுல எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

கணக்கு இடிச்சது 1961ல இல்ல, அதுக்கு ரொம்ப முன்னாடியே. 1939ல மேயரான தீரர் சத்தியமூர்த்தி, இன்னொரு பெரிய நீர்த்தேக்கம் வேணும்னு விடாப்பிடியா நின்னார். உலகப்போர் ஆரம்பிச்ச நேரம். காசெல்லாம் சண்டைக்குப் போய்க்கிட்டு இருக்கு. ஆனாலும் 1940ல கவர்னர் ஆர்தர் ஹோப் அடிக்கல் நாட்ட வேண்டியதாச்சு. திருவள்ளூர் பக்கம் பூண்டியில கொற்றலையாத்துக்குக் குறுக்க அணை எழும்பிச்சு. 1944ல திறந்தாங்க. அதைப் பார்க்க சத்தியமூர்த்தி இல்ல, 1943 மார்ச்லயே போயிட்டார். பிற்பாடு அவர் பேரையே வெச்சாங்க, சத்தியமூர்த்தி சாகர்னு. 1955 ஜனவரியில நம்ம ஆவடியில காங்கிரஸ் மாநாடு நடந்துச்சே, 'சோஷலிச பாணி சமுதாயம்'னு தீர்மானம் போட்டாங்களே, அந்த மாநாட்டுத் திடலுக்கும் சத்தியமூர்த்தி நகர்னுதான் பேர். அப்ப முதலமைச்சர் காமராஜர், சத்தியமூர்த்தியோட சிஷ்யர். குருவை மறக்கல.

பூண்டி கட்டினப்ப தண்ணிக்குள்ள போன இடம் ஒண்ணைப் பத்திச் சொல்லணும். திருவெண்பாக்கம். பெரியபுராணத்துல சுந்தரர் கதை தெரியும்தானே? திருவொற்றியூர்ல சங்கிலியாரைக் கல்யாணம் பண்ணி, உன்னைப் பிரிய மாட்டேன்னு சத்தியம் பண்ணினார். சத்தியத்தை மீறி ஊர் எல்லை தாண்டினதும் கண்ணு ரெண்டும் போச்சு. தட்டுத் தடுமாறி திருமுல்லைவாயில் வந்து பாடினார். அங்க இருந்து திருவெண்பாக்கம் போனார். கண்ணைக் கேட்டவருக்கு சிவன் குடுத்தது ஒரு ஊன்றுகோல். அதனால அங்க சாமிக்கு ஊன்றீஸ்வரர்னே பேர். பழைய கோயில் இருந்த இடம் நீர்த்தேக்கத்துக்குள்ள போயிடுச்சு. சாமியைப் பூண்டியில புதுசாக் கோயில் கட்டிக் குடி வெச்சாங்க. மெட்ராஸ்காரன் குழாயைத் திறந்தா தண்ணி வரணும்னு, கண்ணு தெரியாதவருக்குக் கோல் குடுத்த சாமியே வீடு மாத்த வேண்டியதாச்சு. சாமி வீடு மாறினது எழுத்துல இருக்கு. கூடவே வீடு மாறின ஜனங்களைப் பத்தி யாரும் ஒரு புராணம் எழுதி வைக்கல.

(சுந்தரர் ஒற்றியூர்ல இருந்து முல்லைவாயில் வந்தார்னா, நாங்க உக்காந்திருந்த பக்கமாத்தான் வந்திருக்கணும்னு நான் சொன்னேன். "அவரு கண்ணு தெரியாம வந்தாரு, நீ கண்ணு தெரிஞ்சும் மொபைலைப் பார்த்துக்கிட்டு வந்த"ன்னான் மெக்கானிக்கல்.)

சுதந்திரத்துக்கு அப்புறம் அம்பத்தூர், ஆவடிப் பக்கமே ஆள் மாறிப் போச்சு. 1949ல டி.ஐ. சைக்கிள்ஸ், அறுபதுகளோட ஆரம்பத்துல பாடியில டி.வி.எஸ். கம்பெனிகள், 1964ல அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1965ல ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில இருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிய வந்துச்சு. இங்க ஒரு விஷயம். பிரிட்டிஷ் ரெக்கார்டுல நம்ம ஏரிக்கெல்லாம் 'டேங்க்'னுதான் பேர். முதல் உலகப்போர்ல கவச வண்டி செய்யும்போது ரகசியம் தெரியக் கூடாதுன்னு, ஏதோ தண்ணித் தொட்டி செய்யறோம்னு சொல்லி அதுக்கும் டேங்க்னே பேர் வெச்சாங்க. அந்தப் பேர் ஒட்டிக்கிச்சு. ஆக, எங்க ஏரியாவுல டேங்க்னா மூணு அர்த்தம். ஏரி, பீரங்கி வண்டி, மொட்டை மாடியில கறுப்பா நிக்குமே அது. மூணாவதுல தண்ணி இருக்கான்னு பார்க்கத்தான் எங்கம்மா என்னைக் காலையில எழுப்புவாங்க.

லேத்து வேலைக்கு ஆள் வந்தாங்க, வீடு வேணும். வயல் பிளாட்டாச்சு. வயல் போனதும் ஏரிக்கு வேலை போச்சு. வேலை இல்லாத ஏரியை யார் மதிப்பா? வரத்துக் கால்வாயை அடைச்சாங்க, கலிங்கல் மேல ரோடு போட்டாங்க, கடைசியில ஏரியையே லேஅவுட் போட்டாங்க. இதை ஒளிச்சு மறைச்சும் செய்யல. முகப்பேர்ல 'ஏரித் திட்டம்'னே பேர் வெச்சு வீட்டுவசதி வாரியம் குடியிருப்பு கட்டிச்சு. விலாசத்துல 'ஏரித் திட்டம்'னு எழுதுற எத்தனை பேர் அந்த ஏரி எங்கன்னு தேடியிருப்பாங்கன்னு தெரியல. நானே என் அத்தை வீட்டுக்கு இருபது வருஷமாப் போறேன், போன மாசம்தான் கேட்டேன்.

இதுல முன்னோடி முகப்பேர் இல்ல, மாம்பலம். மயிலாப்பூர், நுங்கம்பாக்கம் வரைக்கும் நீண்டு கிடந்த பெரிய ஏரியில வெள்ளைக்காரங்க படகுப் போட்டி வெச்சுப் பொழுதுபோக்கினாங்க. ஏரிக்கு சும்மா போறதை நமக்குக் கத்துக் குடுத்ததே அவங்கதான் போல. 1920கள்ல அந்த ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரே வந்துச்சு. இன்னைக்கு மிச்சம் ஏரிக்கரைத் தெரு, லேக் வியூ ரோடுன்னு பேருங்க மட்டும்தான்.

எங்க பக்கத்துல தூர்க்காம விட்ட ஏரிங்க கதையும் சொகுசா இல்ல. கொரட்டூர் ஏரிக்குள்ள சாக்கடையும் தொழிற்சாலைக் கழிவும் கலந்து, அந்த ஊர் மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போய் நின்னாங்க. ஆவடியில பருத்திப்பட்டு ஏரியைச் சுத்தம் பண்ணி, நடைபாதை போட்டு, படகு விட்டு 2019ல திறந்தாங்க. ஞாயித்துக்கிழமை போனா டிக்கெட் எடுத்து சும்மா உக்காரலாம். நல்லாத்தான் இருக்கு, குறை சொல்லல. ஆனா புழல் தப்பிச்சது யாரும் அழகு பார்த்ததால இல்ல. ஊர் குடிக்கிற தண்ணி அங்க இருக்கு, அதனால யாரும் அதுல கை வைக்க முடியல. வயலுக்கு வேலை செஞ்ச ஏரிங்க வயலோட செத்துச்சு. நகரத்துக்கு வேலைக்குப் போன ஏரி மட்டும் பொழைச்சுக்கிச்சு. 1872ல நடந்ததைத் திட்டலாமா கும்பிடலாமான்னு எனக்கு இன்னும் முடிவு தெரியல.

அப்புறம் 2019.

நாங்க நாலு பேரும் அப்பத்தான் இன்ஜினியரிங் முடிச்சு, ஆஃபர் லெட்டரை வெச்சுக்கிட்டு வீட்டுல உக்காந்திருந்தோம். ஜூன் மாசம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலையும் சேர்த்தாலும் கொள்ளளவுல ஒரு சதவீதம்கூட தண்ணி இல்ல. மேல இருந்து எடுத்த சாட்டிலைட் படம், 2018ல நீலமா இருந்த இடம் 2019ல பழுப்பா, உலகம் பூரா சுத்திச்சே, அது புழல்தான். டிகாப்ரியோகூட நம்மளுக்காக இன்ஸ்டாகிராம்ல வருத்தப்பட்டார். ஓ.எம்.ஆர். கம்பெனிகள்ல ஆபீஸ்ல தண்ணி இல்ல, வீட்டுல இருந்தே வேலை பாருங்கன்னு சொன்னாங்க. (வீட்டுல மட்டும் கொட்டுதா என்ன?) நாலு வருஷம் முன்னாடி, 2015 டிசம்பர்ல, வெள்ளத்தால செமஸ்டர் பரீட்சையையே தள்ளி வெச்ச அதே ஊரு.

அந்த ஜூன்ல ஒரு சாயங்காலம் நாலு பேரும் இதே இடத்துக்கு வந்தோம். உல்லாசமா இல்ல, பார்த்துட்டு வரலாம்னு. தண்ணி இருக்க வேண்டிய இடத்துல நடந்தோம். பாளம் பாளமா வெடிச்ச மண்ணு, ஒரு பிளவுக்குள்ள என் செருப்பு மாட்டிக்கிச்சு. நத்தை ஓடு நொறுங்குற சத்தம். நாலு பேரும் வாய்க்கு வந்ததைப் பேசுறவங்கதான், அன்னைக்கு ஒருத்தனும் பேசல. திரும்பி வர்ற வழியில எங்க தெருவுல லாரித் தண்ணிக்கு வரிசையில நின்ன பக்கத்து வீட்டு அக்கா, குடத்தை நகர்த்தினதுக்காக இன்னொரு அக்காகூட சண்டை போட்டுக்கிட்டு இருந்தாங்க. பத்து வருஷமா ஒண்ணா கோலம் போட்டவங்க. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் பேசிக்கவே இல்ல. இப்பவும் பேசறதில்ல.

ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையில இருந்து தண்ணி ரயில் வந்துச்சு. 50 வேகன், 25 லட்சம் லிட்டர், காவிரித் தண்ணி. அரக்கோணம், ஆவடி, அம்பத்தூர் வழியா வில்லிவாக்கம். அம்பத்தூர் ஸ்டேஷன்ல நின்னு பார்த்தேன். எக்ஸ்பிரஸ் போறப்ப விலகி நிக்கிற ஜனம், அன்னைக்குக் கிட்ட வந்து நின்னு பார்த்துச்சு. வில்லிவாக்கத்துல இறக்கின தண்ணி குழாய் வழியா எங்க போச்சு தெரியுமா? கீழ்ப்பாக்கம். 1872ல புழல்ல இருந்து கால்வாய் வந்து சேர்ந்த அதே கீழ்ப்பாக்கம். ரெண்டு தரமும் கூட்டம் கூடி வேடிக்கை பார்த்திருக்கும்.

இன்ஜினியர் புத்தி, வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். புழலோட முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. ஒரு மில்லியன் கன அடின்னா சுமார் 2 கோடியே 83 லட்சம் லிட்டர். மொத்தம் 9,300 கோடி லிட்டருக்கு மேல. ஒரு ரயிலுக்கு 25 லட்சம்னா, புழலை ரொப்ப 37 ஆயிரம் ரயில் வரணும். தினம் ஒண்ணுன்னாலும் நூறு வருஷம் ஆகும். 12 ஆயிரம் லிட்டர் லாரின்னா 78 லட்சம் நடை. ஒரு மழைக்காலம் சத்தமில்லாம செய்யற வேலை இது. மழை மட்டும் இல்ல, 1983ல எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் பேசி முடிச்ச தெலுங்கு கங்கைத் திட்டத்துல 1996ல இருந்து கிருஷ்ணாத் தண்ணியும் பூண்டி வழியா வருது. அன்னைக்கு எங்க கண்ணு முன்னாடி தளும்பினதுல எத்தனை ஆறு கலந்திருந்துச்சுன்னு யாரு பிரிச்சுச் சொல்றது?

திரும்ப அந்த ஞாயித்துக்கிழமைக்கு வரேன். புளிசாதம் தீந்து, நுங்கு தீந்து, ஒருத்தன் குறட்டை விட ஆரம்பிச்சுட்டான். மூணு மணி இருக்கும். பெரியவர் திரும்பி வந்தார். "தம்பி, குடிக்கத் தண்ணி இருக்குதா?"ன்னு கேட்டார். பாட்டிலைக் குடுத்தேன். அண்ணாந்து ஊத்திக் குடிச்சார், தொண்டைக்குழி ஏறி இறங்குறது தெரிஞ்சுது. அவருக்குப் பின்னாடி அடிவானம் வரைக்கும் ஏரி. நாங்க கடையில காசு குடுத்து வாங்கின பாட்டிலை ஏரிக்கரையில வெச்சு ஒரு ஏரிக்கரைக்காரருக்குக் குடுக்கறோம். மெக்கானிக்கல் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன், ரெண்டு பேருக்கும் சிரிப்பு வரல.

நிழல்ல உக்காந்தார். பேச்சு கொஞ்சம் வளர்ந்துச்சு. சின்ன வயசுல கோடையில உள்வாய்ல வண்டல் வெட்டி வண்டியில ஏத்தி வயலுக்கு அடிச்சதைச் சொன்னார். அந்த வயல் இப்ப எங்கன்னு கேட்டேன். கைய நீட்டிக் காமிச்சார், அந்தத் திசையில அபார்ட்மென்ட்தான் தெரிஞ்சுது. வித்தது அவங்க அண்ணனாம். நல்ல விலைக்குத்தான் போச்சாம்.

"2019ல ஏரி காஞ்சு கெடந்துச்சே தாத்தா, ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீங்களே?"

"எந்த வருசம்?"

"ரயில்ல தண்ணி வந்துச்சே, அந்த வருசம்."

"ஓ, அதுவா." துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டார். "அந்த வருசம் நல்லாத்தான் இருந்துச்சு. நடுவுல எல்லாம் ஈரம் நின்னுச்சு பாரு, அங்க புல்லு மொளைச்சுது. மாட்டை அந்தக் கோடி வரைக்கும் ஓட்டிக்கினு போனேன். இப்ப இன்னா, இந்தக் கரையோரம் மட்டும்தான்."

எழுந்தார். தண்ணி ஓரமாப் போய், மண்ணுல ஒரு குச்சியை நட்டு வெச்சிருந்ததைக் குனிஞ்சு பார்த்தார். நாங்க அதுவரைக்கும் கவனிக்கவே இல்ல. நாலு நாள் முன்னாடி அவர் நட்டதாம், தண்ணி எவ்வளவு இறங்குதுன்னு பார்க்க. குச்சிக்கும் தண்ணிக்கும் நடுவுல ரெண்டு அடிதான் இருந்துச்சு.

"எறங்கவே மாட்டேங்குது"ன்னு சொல்லிக்கிட்டே மாட்டை ஓட்டிக்கிட்டுப் போனார்.